மலைப்பிள்ளை எதிர் ரோபோ: இந்த ஆட்டத்தால் யாருக்கு லாபம்?

#1 கோத்தகிரி_குதிரை
எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும், கொஞ்சம் அவசரம்.

நம் வார இறுதி செஸ் வகுப்புக்கு வரும் பெண் ஒருத்தியைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். 13 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் மாவட்டத்தில் முதலிடம். பெயர் வேண்டாம், பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். கைபேசியில் பாடம் நடத்தும் செயலி விற்கிற ஒரு நிறுவனத்திலிருந்து அவள் அப்பாவைத் தேடி வந்திருக்கிறார்கள். மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடக்கும் வாரத்தில், குன்னூரில் ஒரு ஹோட்டல் புல்வெளியில் மேடை போட்டு, செஸ் ஆடும் ரோபோக் கையோடு பாப்பாவை மோத விடப் போகிறார்களாம். ஒரே ஆட்டம், ஆளுக்கு 15 நிமிடம். பேனர் வாசகம்கூட ரெடி: ‘மலையின் மகள் எதிர் மனிதனை வென்ற இயந்திரம்’.

பாப்பாவுக்கு ஒரு டேப்லெட், ஓராண்டுச் சந்தா இலவசம். எங்கள் வகுப்புக்குச் செஸ் போர்டுகள். பதிலுக்கு, எடுக்கும் வீடியோவை அவர்கள் எங்கே வேண்டுமானாலும், எத்தனை வருடம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று காகிதத்தில் ஒரு வரியும் இல்லை.

அப்பா சின்ன தேயிலை விவசாயி. "நீங்க சரின்னா சரி சார்" என்று என் தலையில் போட்டுவிட்டார். பாப்பாவுக்கு ஆட ஆசை. போர்டுகள் எங்களுக்கு நிஜமாகவே தேவை, இருப்பதில் பாதிக்குக் காய் குறைகிறது. என்ன செய்யலாம்?

#2 கூடலூர்_சிப்பாய்
ஆடட்டும் சார். தோத்தாலும் ரோபோகிட்ட தோத்தான்னுதானே பேரு. டேப்லெட் சும்மா வருது.

#3 குன்னூர்_மீரா
சிப்பாய் தம்பி, சும்மா வருவது எதுவும் சும்மா வருவதில்லை.

குதிரை சார், நடுவராக உட்காரும் பழக்கத்தில் கேட்கிறேன். ரோபோ எந்த லெவலில் ஆடும்? அதை யார் வைக்கிறார்கள், எப்போது வைக்கிறார்கள்? ஆட்டத்துக்கு நடுவில் மாற்ற முடியுமா? நடுவர் யார், அவர்கள் ஆளா? ரோபோ ஒரு காயைத் தட்டிவிட்டால் அந்த நேரம் யார் கடிகாரத்தில் ஓடும்? நான் பார்த்த ஒரு ரோபோக் கையில், காயைக் கட்டத்தின் நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்தால் பிடி தவறி வெறும் காற்றைத் தூக்கிக்கொண்டு போகும். பக்கத்தில் இருந்த பையன் ஒவ்வொரு முறையும் அதைச் சரிசெய்தான். பிள்ளையின் கவனம் அதிலேயே சிதறிப்போனது.

அப்புறம் பாதுகாப்பு. 2022 ஜூலையில் மாஸ்கோவில் ஒரு போட்டியில் ரோபோக் கை 7 வயதுப் பையன் விரலைப் பிடித்து நசுக்கி எலும்பு முறிந்தது. ரோபோ தன் வேலையை முடிப்பதற்குள் பையன் அவசரப்பட்டுக் கையை நீட்டிவிட்டான் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். பிள்ளை என்றால் அவசரப்படத்தான் செய்யும். கை நீளாத தூரத்தில் உட்கார வைத்து, பாப்பாவின் காயை வேறொருவர் நகர்த்தலாமா என்று கேளுங்கள்.

#4 வெலிங்டன்_ரிட்டயர்டு
மீரா மேடம் அடுக்கிய கேள்விகளை, 1997-ல் ஐபிஎம்மின் செஸ் கம்ப்யூட்டர் டீப் ப்ளூவோடு ஆடிய உலக சாம்பியன் காஸ்பரோவ் பக்கம் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். நான் வேலைக்காலம் முழுக்க பெங்களூரில் கம்ப்யூட்டர் விற்பனைப் பக்கம் இருந்தவன். டீப் ப்ளூ விஷயத்தைச் செஸ்ஸாகப் பார்த்ததைவிட விற்பனையாகப் பார்த்ததுதான் அதிகம்.

1996 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவில் முதல் போட்டி. அதை முன்னின்று நடத்தியது ஏசிஎம் என்ற கணினியாளர் சங்கம். முதல் ஆட்டத்தையே இயந்திரம் ஜெயித்ததும் உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. காஸ்பரோவ் சுதாரித்துக்கொண்டு 4-2 என்று முடித்தார். தோற்ற போட்டியே ஐபிஎம்முக்கு அத்தனை பெயர் வாங்கிக் கொடுத்தது. மறு வருடம் நியூயார்க்கில் நடந்ததை ஐபிஎம்மே ஏற்று நடத்தியது. எதிராளியும் அவர்கள், இடமும் அவர்கள், பணமும் அவர்கள். மொத்தப் பரிசு 11 லட்சம் டாலர். ஜெயித்தவருக்கு 7, தோற்றவருக்கு 4.

ஈக்விட்டபிள் சென்டர் கட்டடத்தில் 35-ஆம் மாடியில் ஒரு சின்ன அறை. டிவி ஸ்டுடியோ மாதிரி கேமராக்கள். டிக்கெட் வாங்கிய கூட்டம் கீழே அரங்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காஸ்பரோவ் எதிரே இயந்திரம் கிடையாது, ஐபிஎம் பொறியாளர் ஒருவர் உட்கார்ந்து திரையில் வந்த நகர்த்தலைப் பலகையில் வைத்தார். டீப் ப்ளூ ஆடிய பயிற்சி ஆட்டங்களைப் பார்க்கக் கேட்டார் காஸ்பரோவ், கொடுக்கவில்லை. அவருடைய ஆட்டங்கள் அத்தனையும் அவர்கள் கையில். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் நிரலைத் திருத்தலாம் என்பதும் விதியில் இருந்தது. இதற்கெல்லாம் அவர் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனார்.

இரண்டாவது ஆட்டத்தில்தான் எல்லாம் புரண்டது. ராணியை உள்ளே நுழைத்துச் சிப்பாய்களை அள்ளும் வாய்ப்பு இருந்தும் இயந்திரம் அதை விட்டுவிட்டு, நிதானமாக இடத்தை அடைத்து ஆடியது. பேராசைப்படாத இயந்திரத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. நொந்துபோய் ஆட்டத்தை விட்டுக் கொடுத்துவிட்டார். அன்றிரவு மற்றவர்கள் உட்கார்ந்து அலசியபோது, விட்டுக் கொடுத்த அந்த நிலையிலேயே தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்திருக்கலாம் என்று தெரிந்தது. மறுநாள் அவரிடம் சொன்னார்கள். உலக சாம்பியனுக்கு வேறென்ன வேண்டும், தூக்கம் கெட?

இயந்திரம் என்ன யோசித்தது என்ற பதிவுகளைக் கேட்டார். அப்போது தரவில்லை, பின்னால் இணையத்தில் போட்டார்கள். ஆறாவது ஆட்டம் 19 நகர்த்தலில் முடிந்தது. 3½-2½ என்று டீப் ப்ளூ ஜெயித்தது. மறுபோட்டி கேட்டார், முடியாது என்றார்கள். டீப் ப்ளூவைப் பிரித்துவிட்டார்கள். ஒரு அலமாரி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், இன்னொன்று கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில்.

காஸ்பரோவ் அன்று மறைமுகமாகச் சொன்ன ‘உள்ளே மனிதக் கை இருந்தது’ என்பதை நான் நம்பவில்லை. 20 வருடம் கழித்து எழுதிய புத்தகத்தில் அவரே அதை விட்டுவிட்டார். ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லை ஐயா. விதி எழுதியது, இடம் பிடித்தது, பதிவுகளைப் பூட்டி வைத்தது, ஜெயித்ததும் கடையைக் கட்டியது எல்லாமே ஒப்பந்தப்படிதான். குதிரை சார், உங்கள் காகிதத்தில் பாப்பாவுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

#5 கேத்தி_பாலு
ரிட்டயர்டு சார், கொஞ்சம் ஒருபக்கமாக இருக்கிறது.

ஷூ என்ற மாணவர் அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் தன் கையால் சிப் வடிவமைத்துத் தொடங்கிய வேலை அது. முதலில் சிப்டெஸ்ட் என்ற இயந்திரம், அடுத்து டீப் தாட், பிறகு டீப் ப்ளூ. 1989-ல் அவரையும் கூட வேலை செய்த கேம்ப்பெல்லையும் ஐபிஎம் வேலைக்கு எடுத்தது. அதற்கப்புறமும் எட்டு வருடம் ஆனது. நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் இயந்திரத்தை விளம்பரப் பிரிவு கட்டவில்லை, பொறியாளர்கள் கட்டினார்கள். உலக சாம்பியனை முதலில் ஜெயிக்கும் கணினிக்கு என்று 1980-லிருந்து காத்திருந்த ஃப்ரெட்கின் பரிசு, 1 லட்சம் டாலர், அந்தக் குழுவுக்குத்தான் போனது. கம்பெனிக் காசு இல்லாமல் அது ஆய்வுக்கூட மூலையில் கிடந்திருக்கும்.

காஸ்பரோவும் பச்சைப் பிள்ளை இல்லை. தோற்றதற்கு 4 லட்சம் டாலர் வாங்கியவர்.

நம்ம ஊருக்கே வாருங்கள். ஆனந்த் என்ஐஐடியின் முகமாக இருந்தார். அந்த நிறுவனம் 2002-ல் அவரோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்காக மைண்ட்சாம்பியன்ஸ் அகாடமி தொடங்கியது. கம்ப்யூட்டர் கோர்ஸ் விற்பவர்களுக்குச் செஸ்மேல் என்ன திடீர்ப் பாசம்? லாபம்தான். அதனால் எத்தனையோ பள்ளிகளுக்குச் செஸ் போனதும் உண்மை. 2024-ல் குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வாங்கினாரே, அந்தப் போட்டிக்கு முதன்மை விளம்பரதாரர் கூகுள். கோ, செஸ் ஆடும் இயந்திரங்களை வைத்துப் பெயர் வாங்கிய டீப்மைண்டின் தாய் நிறுவனம். அதற்காகக் குகேஷ் பட்டத்தை வேண்டாம் என்றா சொன்னார்?

#6 வெலிங்டன்_ரிட்டயர்டு
பாலு, ஷூவின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடிந்ததா, கம்பெனியின் தேவை முடிந்ததா என்பதுதான் என் கேள்வி. ஒரு விஞ்ஞானிக்கு 3½-2½ என்பது போதுமான சோதனையா? இன்னும் இருபது ஆட்டம் ஆடிப் பார்க்கத்தான் அவன் கை துறுதுறுக்கும். நிறுத்தியது விஞ்ஞானி இல்லை.

பின்னணியையும் பார். 1993-ல் ஐபிஎம்முக்கு 800 கோடி டாலர் நஷ்டம். பிஸ்கட், சிகரெட் விற்கும் கம்பெனியிலிருந்து கெர்ஸ்ட்னர் என்பவரைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் காலம் முடிந்தது, இனி எல்லாம் சின்ன பிசிதான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். டீப் ப்ளூ ஓடியது ஆர்எஸ் 6000 எஸ்பி என்ற ஐபிஎம் இயந்திர வரிசையில். சேர்ந்து ஓடும் 30 கணுக்கள் (தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி), அதோடு செஸ்ஸுக்கென்றே செய்த 480 சிப். செஸ் சிப்பை யாரும் வாங்கப் போவதில்லை. ஆனால் அதே எஸ்பி வரிசையை வங்கியும் ஆய்வுக்கூடமும் வாங்கும். காஸ்பரோவையே சாய்த்த பெட்டி என்று சொல்லி விற்பதற்கு என் மாதிரி ஆளுக்குக் கசக்குமா?

இன்டெல் பக்கமும் இதே கூத்துதான். 1994 ஆகஸ்டில் லண்டனில் இன்டெல் நடத்திய வேகச் செஸ் போட்டியில், இன்டெலின் பென்டியம் சிப் வைத்த பிசியில் ஓடிய செஸ் ஜீனியஸ் என்ற நிரல் காஸ்பரோவை முதல் சுற்றிலேயே வெளியேற்றியது. பென்டியம் புதுசாக வந்திருந்த நேரம். அந்த வருடக் கடைசியில் அதே பென்டியம் வகுத்தல் கணக்கில் தப்புப் போடுகிறது என்று வெளியே வந்து, மாற்றிக் கொடுக்க இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது தனிக் கதை. 1995-ல் நியூயார்க் உலக வர்த்தக மைய கோபுரத்தில் ஆனந்தும் காஸ்பரோவும் ஆடிய பட்டப் போட்டிக்கும் இன்டெல்தான் பணம் போட்டது. காஸ்பரோவ் ஐபிஎம்மோடு ஆடப் போனார், இன்டெல் கையை உதறிக்கொண்டது. ஐபிஎம்மோடு சேர்ந்ததுதான் காரணம் என்று அப்போதே பரவலாகப் பேசிக்கொண்டார்கள். தொழில்முறைச் செஸ் ஆட்டக்காரர்களுக்காக அவர் நடத்திய பிசிஏ சங்கம் அதோடு படுத்துவிட்டது. ஒரு இயந்திரத்தோடு ஆடிய ஆட்டத்துக்காக மனிதர்கள் மனிதர்களோடு ஆடும் போட்டிக்கு வந்த காசு நின்றது. பாலு, இந்த வரவு செலவையும் போட்டுப் பார்.

#7 அருவங்காடு_ராகவன்
டீப் ப்ளூ ஜெயித்த வாரம் ஐபிஎம் பங்கு எகிறியது, எல்லாமே பங்குச் சந்தைக்காகத்தான் என்று படித்திருக்கிறேனே?

#8 வெலிங்டன்_ரிட்டயர்டு
எல்லோரும் சொல்வார்கள். கெர்ஸ்ட்னர் வந்த பிறகு பங்கு எப்படியும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆட்டம் நடந்த அதே 1997 மே மாதம் ஒரு பங்கை இரண்டாகவும் பிரித்தார்கள். செஸ்ஸால் எவ்வளவு, மற்றதால் எவ்வளவு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. பங்கு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். உலகம் முழுக்கச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் கம்பெனி பெயர் காசு கொடுக்காமல் வருவதற்கு விலை போட்டுப் பார், அதுதான் சம்பாத்தியம்.

#9 மஞ்சூர்_தோட்டம்
எனக்குச் செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்பதோடு சரி. ஆனால் படிக்கப் படிக்க எங்கள் இலைக் கணக்கு மாதிரியே இருக்கிறது. பச்சை இலையைப் பறித்து ரோட்டோரம் கொண்டுபோய் வைத்தால், தராசு அவர்களுடையது, மழை நாளில் ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று சொல்வதும் அவர்களே, விலையும் அவர்களே. திருடினார்கள் என்று சொல்ல முடியாது, எல்லாம் கண் முன்னால்தான் நடக்கும். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள் சார், உடனே புரிந்துகொள்வார்.

#10 கோத்தகிரி_குதிரை
சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப தராசு நம்மது இருக்கணும்" என்றார்.

#11 குன்னூர்_மீரா
தராசை நடுவில் வைத்த உதாரணமும் உண்டு. நெதர்லாந்தில் ஏகான் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி 1986-லிருந்து 1997 வரை வருடா வருடம் மனிதர் அணி எதிர் கணினி அணி என்று போட்டி நடத்தியது. ஏகானிடம் சொந்த இயந்திரம் கிடையாது. மனிதன் ஜெயித்தால் என்ன, கணினி ஜெயித்தால் என்ன, பாலிசிதான் விற்க வேண்டும். அதனால் சண்டை சச்சரவு இல்லாமல் கிராண்ட்மாஸ்டர்களும் நிரல் எழுதுபவர்களும் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். விளம்பர நோக்கம் இருப்பதில் தவறு இல்லை, முடிவில் பங்கு இருக்கக் கூடாது.

ஒப்பந்தத்தால் நிலைமை மாறியதும் உண்டு. 2002 அக்டோபரில் பஹ்ரைனில் உலக சாம்பியன் கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸ் என்ற செஸ் நிரலோடு ஆடியபோது, நிரலை முன்கூட்டியே வாங்கிப் பழகிப் பார்த்தார். 4-4. 2006-ல் ஜெர்மனியின் பான் நகரில் மறுபடி. அப்போதும் முன்கூட்டியே பிரதி கொடுத்தார்கள். அதோடு, ஃப்ரிட்ஸ் தன் தொடக்க ஆட்டப் புத்தகத்திலிருந்து, அதாவது முன்பே சேர்த்துவைத்த தொடக்க நகர்த்தல்களிலிருந்து, நகர்த்தும்வரை அந்தப் புத்தகத்தைக் கிராம்னிக்கும் திரையில் பார்க்கலாம். 1997-ல் காஸ்பரோவுக்குக் கிடைக்காதது எல்லாம் கிடைத்தது. அப்படியும் இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் விழுந்த செக்மேட்டைப் பார்க்காமல் ராணியை நகர்த்திவிட்டார். நல்ல நிலையில் இருந்த ஆட்டம் அது. அவர் எழுந்துபோன பிறகும் அரங்கத்தில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை என்பார்கள். கடைசியில் 4-2 என்று ஃப்ரிட்ஸ் ஜெயித்தது.

அதை விற்ற செஸ்பேஸ் கம்பெனிக்கும் லாபம்தான். கிராம்னிக்கை ஜெயித்ததையே கடையில் டப்பாவில் போட்டு விற்றார்கள். ஆனால் வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அதே நிரலோடு ஆடிப் பார்க்கலாம். டீப் ப்ளூவோடு ஆடிப் பார்க்க யாருக்காவது வழி இருந்ததா?

#12 அருவங்காடு_ராகவன்
2003 நவம்பரில் நியூயார்க்கில் நடந்ததை விட்டுவிட்டீர்களே. எக்ஸ்3டி ஃப்ரிட்ஸ். முப்பரிமாணத் திரை விற்கும் கம்பெனி ஒன்று நடத்தியது. காஸ்பரோவ் முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காற்றில் மிதக்கும் பலகையைப் பார்த்து, நகர்த்தலை வாயால் சொல்லி ஆடினார். பலகையும் இல்லை, தொடுவதற்குக் காயும் இல்லை. அமெரிக்க விளையாட்டுச் சேனலில் நேரலை. 2-2. அந்தக் கண்ணாடி போட்டு இன்று யாராவது செஸ் ஆடுகிறார்களா? உலக சாம்பியனாக இருந்தவரை உட்கார வைத்துக் கண்ணாடி விற்றார்கள், அவ்வளவுதான் விஷயம்.

வாட்சனும் அதே ரகம். 2011-ல் அமெரிக்க டிவி வினாடி வினாவில் ஐபிஎம்மின் வாட்சன் இரண்டு பெரிய சாம்பியன்களை ஜெயித்தது. இனி மருத்துவத்தையே மாற்றிவிடும் என்றார்கள். 2022-ல் அந்த மருத்துவத் தொழிலின் சொத்துகளை இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். மேடையில் ஜெயிப்பதற்கும் ஆஸ்பத்திரியில் உதவுவதற்கும் தூரம் அதிகம்.

#13 கேத்தி_பாலு
சரி, வாட்சனை விட்டுக் கொடுக்கிறேன். கோ என்ற பலகை விளையாட்டை ஆடும் டீப்மைண்டின் ஆல்ஃபாகோ? 2016 மார்ச்சில் சியோலில் கோ சாம்பியன் லீ செடோலை 4-1 என்று ஜெயித்தது. எப்படிச் செய்தோம் என்று நேச்சர் இதழில் கட்டுரை போட்டார்கள். மறு வருடம் சீனாவில் இன்னொரு கோ சாம்பியன் கே ஜியேவை 3-0 ஜெயித்துவிட்டு ஓய்வு கொடுத்தபோது, இயந்திரம் தன்னோடு தானே ஆடிய 50 ஆட்டங்களைக் கோ விளையாட்டு உலகத்துக்கு வெளியிட்டார்கள். இதுவும் விளம்பரமா?

#14 வெலிங்டன்_ரிட்டயர்டு
விளம்பரம்தான், நல்ல விளம்பரம். சீனாவில் ஏன் நடத்தினார்கள்? 2010-ல் தேடுபொறியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வெளியேறிய கூகுள்காரர்கள், வூஜென் ஊரில் மேடை போட்டால் மறுபடி கதவு திறக்குமா என்று பார்த்தார்கள். சீன அரசு நேரலையையே நிறுத்திவிட்டது. நோக்கம் அவர்களுக்கும் புரிந்திருக்கிறது. ஆனால் 50 ஆட்டம் கொடுத்தார்களே, அந்தப் பெருந்தன்மையை நான் மறுக்கவில்லை. டீப் ப்ளூ பதிவுகளைக் கேட்ட மனிதருக்கு அப்போதே கொடுத்திருந்தால் இருபது வருடப் புகைச்சல் இருந்திருக்காது.

#15 கூடலூர்_சிப்பாய்
நான் ஒண்ணு கேக்கட்டுமா. இப்ப போன்ல இருக்கற ஸ்டாக்ஃபிஷ்ங்கற செஸ் நிரலே உலக சாம்பியனா இருந்த கார்ல்சனை ஜெயிச்சிடுமே. அப்ப பாப்பா எப்படி ஜெயிக்க முடியும்? ஜெயிச்சா அவங்க விட்டுக் கொடுத்ததாத்தானே அர்த்தம்?

#16 கேத்தி_பாலு
சிப்பாய், இந்த இழையிலேயே நல்ல கேள்வி நீ கேட்டதுதான்.

2009-லேயே பாக்கெட் ஃப்ரிட்ஸ் என்ற நிரல் ஒரு கைபேசியில் ஓடி ப்யூனஸ் ஐரிஸில் ஒரு போட்டியை 10-க்கு 9½ எடுத்து ஜெயித்தது. இப்போது மனிதன் எதிர் இயந்திரம் என்ற கேள்வியே இல்லை. 1997-ல் குறைந்தபட்சம் யார் ஜெயிப்பார் என்று ஐபிஎம்முக்கும் தெரியாது. முதல் ஆட்டத்தில் தோற்றபோது அவர்கள் முகம் வாடியிருக்கும். இன்று குன்னூரில் மேடை போடுபவர்களுக்கு முன்னாடியே தெரியும். லெவலை ஏற்றினால் பாப்பா தோற்பாள், இறக்கினால் ஜெயிப்பாள். ‘எங்கள் செயலியில் படித்தால் இயந்திரத்தையே ஜெயிக்கலாம்’ என்று வேண்டுமென்றால் இறக்குவார்கள். ‘பாருங்கள், எங்கள் ரோபோ எவ்வளவு கெட்டி’ என்று வேண்டுமென்றால் ஏற்றுவார்கள்.

ரிட்டயர்டு சார், இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். இது போட்டியே இல்லை, விளம்பரப் படம். பாப்பா அதில் நடிகை. அப்படியென்றால் நடிகைக்கு உரிய சம்பளம், நடிகைக்கு உரிய ஒப்பந்தம் கேட்கலாம். வெட்கப்பட என்ன இருக்கிறது?

#17 ஊட்டி_அம்மா
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். என் பையன் படித்த பள்ளியில் ஒருமுறை இதே மாதிரி ‘அறிவுத்திறன் போட்டி’ வைத்தார்கள். பெயர் கொடுக்கும் படிவத்தில் அப்பா நம்பர், அம்மா நம்பர், வீட்டு வருமானம்கூடக் கேட்டிருந்தது. பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் போன். "உங்க பையன் ரொம்ப டேலண்ட் மேடம், வீணாக்கிடாதீங்க" என்று மாற்றி மாற்றிப் பேசுவார்கள். தவணையில் கட்டலாம் என்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் எஸ்டேட் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எனக்கு அடிப்பார்கள். பையன் முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் பணம் கட்டிய பெண்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அன்று புல்வெளியில் வேடிக்கை பார்க்க வரும் தாய் தகப்பனிடமும் நம்பர் வாங்குவார்கள். ரோபோ அதற்குத்தான் வருகிறது.

#18 கோத்தகிரி_குதிரை
அம்மா, நன்றி. அனுப்பிய காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ‘பார்வையாளர் பதிவு மேசை’ என்று இருக்கிறது. முதலில் தண்ணீர், டீ மேசை மாதிரி ஏதோ என்று தாண்டிப் போயிருந்தேன்.

இதற்கு நடுவில் பாப்பாவிடம் பேசினேன். இங்கே எழுதியதை எல்லாம் சொல்லவில்லை, டீப் ப்ளூ கதையை மட்டும் சொன்னேன். இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிலையைப் பலகையில் வைத்துக் காட்டியதும் அவளே ராணியை எடுத்து செக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், டிராவை முழுசாகப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், அந்த ரோபோ நான் ஆடின கேமெல்லாம் பாத்திருக்கா?" மாவட்டப் போட்டி ஆட்டங்கள் இணையத்தில் இருக்கின்றன. பார்த்திருக்கலாம் என்றேன். "அப்ப எனக்கும் அதோட கேம் வேணும்" என்றாள்.

#19 வெலிங்டன்_ரிட்டயர்டு
காஸ்பரோவ் கேட்டதும் அதேதான். இவள் ஆட்டத்துக்கு முன்னாலேயே கேட்கிறாள்.

#20 குன்னூர்_மீரா
சார், இதை எழுத்தில் அனுப்புங்கள். ஒன்றல்ல, இரண்டு ஆட்டம், ஆளுக்கொரு தடவை வெள்ளை. லெவல் என்ன என்று ஆட்டத்துக்கு முன் எல்லோருக்கும் தெரியும்படி திரையில் காட்ட வேண்டும், நடுவில் தொடக் கூடாது. அதே லெவலில் நாலைந்து பழைய ஆட்டம் முன்கூட்டியே தர வேண்டும். நடுவரை நாம் கொண்டுவருவோம். வீடியோ ஓராண்டு மட்டும், அதுவும் முழு ஆட்டமாக, வெட்டி ஒட்டாமல். பதிவு மேசையில் நம் வகுப்புப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. கை விஷயம் முன்பே சொன்னேன்.

#21 கேத்தி_பாலு
சம்பளத்தை விட்டுவிட்டீர்களே மேடம்.

#22 குன்னூர்_மீரா
அதை அப்பா பேசிக்கொள்வார். தராசு பார்த்துப் பழகியவர்.

#23 கோத்தகிரி_குதிரை
பதில் வந்துவிட்டது. இரண்டு ஆட்டம் சரி. வெளி நடுவர் சரி. காயை வேறொருவர் நகர்த்தலாம். வீடியோ ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள், ஆனால் ‘சிறு துணுக்குகள்’ போட்டுக்கொள்வோம் என்கிறார்கள். பாப்பாவின் கல்லூரிக் கணக்கில் ஒரு தொகை போடச் சொல்லி அப்பா கேட்டார், கொஞ்சம் இழுத்தாலும் சரி என்றுவிட்டார்கள். தொகையை இங்கே போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

லெவலைத் திரையில் காட்ட மட்டும் முடியாதாம். ஏன் என்று போனில் கேட்டேன். "சஸ்பென்ஸ் போயிடும் சார்" என்றார் அந்தப் பையன். நல்ல பையன்தான், சின்ன வயசு. அவனுக்கும் மேலே யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

#24 அருவங்காடு_ராகவன்
அப்ப நோ சொல்லிடுங்க.

#25 வெலிங்டன்_ரிட்டயர்டு
நோ சொல்ல வேண்டாம். எழுதி, மூடிய உறையில் நடுவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் மேடையில் பிரிக்கட்டும். சஸ்பென்ஸும் இருக்கும், லெவலும் தெரியும். இதற்கும் மறுத்தால் காரணம் சஸ்பென்ஸ் இல்லை.

#26 கோத்தகிரி_குதிரை
இன்று காலை சொன்னேன். மத்தியானம் ஒத்துக்கொண்டார்கள். பேனர் வாசகத்தை மட்டும் மாற்ற மாட்டார்களாம், அச்சுக்குப் போய்விட்டதாம். பாப்பாவுக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது, விட்டுவிட்டேன். மீரா மேடம், நடுவராக வருவீர்களா?

#27 குன்னூர்_மீரா
வருகிறேன். கடிகாரம் நானே கொண்டுவருகிறேன், அவர்களுடையது வேண்டாம். அந்த வாரம் குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது, வருகிறவர்கள் பஸ்ஸில் வாருங்கள்.

#28 கூடலூர்_சிப்பாய்
பழைய கேம் தர்றாங்களா சார்? அதப் பத்தி எதுவும் சொல்லலியே.

#29 கோத்தகிரி_குதிரை
தருகிறோம் என்று போனில் சொன்னார்கள்.

#30 குன்னூர்_மீரா
போனில் சொன்னது கணக்கில் வராது சார். எழுதி வாங்குங்கள், ஆட்டங்கள் கைக்கு வந்த பிறகு அப்பா கையெழுத்துப் போடட்டும்.